மணிக்கணக்கில் படித்தும் மதிப்பெண் ஏறவில்லையா? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. அவசரத்தில் இருப்பவர்கள் தங்கள் கேள்வியை மட்டும் தேடிப் படிக்கலாம். ஆனால் முதல் நான்கு பதில்களைத் தாண்டிப் போக வேண்டாம். பின்னால் வரும் பலவும் அவற்றை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன.

என் மகன் தினமும் நான்கு மணி நேரம் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். மதிப்பெண் மட்டும் ஏன் ஏறவில்லை?

அந்த நான்கு மணி நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று ஒருநாள் சும்மா கவனியுங்கள். அநேகமாகப் பாடத்தை வாசிப்பான், மறுபடி வாசிப்பான், தேர்வு நெருங்கும்போது இன்னொரு முறை வாசிப்பான். மூன்றாம் முறை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகிய முகமாகத் தெரியும். "இது எனக்குத் தெரியும்" என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆனால் தேர்வறையில் புத்தகம் இருக்காது. பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு திறன், பார்க்காமல் எடுத்துச் சொல்ல வருவது வேறொரு திறன். அவன் முதலாவதைப் பழகிவிட்டு இரண்டாவதில் சோதிக்கப்படுகிறான்.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு சுற்றுகள் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்றுகள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்குச் சுமார் 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதமும் நினைவில் இருந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று கூடுதலாக நம்பியவர்கள் படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். உங்கள் மகனும் பொய் சொல்லவில்லை; தனக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்புகிறான்.

சரி, பார்க்காமல் நினைவுபடுத்திப் படிப்பது என்றால் எப்படி? ஒப்பிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. வரிக்கு வரி ஒப்பிப்பது செய்யுளுக்கும் சூத்திரத்துக்கும் சரி, மற்றவற்றுக்கு வேண்டாம். இரண்டு மூன்று பக்கங்களைப் புரிந்து படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் உங்கள் சொற்களில் எழுதுங்கள். படம், அம்புக்குறி, அரைகுறை வாக்கியம் எதுவானாலும் பரவாயில்லை. இனி எதுவும் வராது என்று தோன்றிய பிறகும் ஒரு நிமிடம் முயலுங்கள். அந்த ஒரு நிமிடத்துத் திணறலில்தான் வேலை நடக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறாக எழுதியதையும் வேறு நிற மையில் சேருங்கள்.

எழுதச் சோம்பலாக இருந்தால் யாருக்காவது வாயால் விளக்குங்கள். கேட்பவருக்குப் பாடம் தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. "அது ஏன் அப்படி?" என்று அவர் கேட்கும்போது எங்கே தடுக்கிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. முதல் வாரம் இந்த முறை எரிச்சலூட்டும். அரைப் பக்கம்கூட எழுத வராது. பலர் அந்த வாரத்திலேயே பழைய வாசிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

படித்தது இரண்டே நாளில் மறந்துபோகிறது. எனக்கு நினைவாற்றலே இல்லையோ?

எல்லோருக்கும் அப்படித்தான் மறக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்கௌஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, அதன் பிறகு மெல்ல நகர்கிறது. ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி கற்றபோது, முதல் முறைக்கான உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது.

பாடங்கள் பொருளுள்ளவை என்பதால் அவ்வளவு வேகமாக மறப்பதில்லை. இருந்தாலும் போக்கு அதேதான். ஆகவே நேற்றுப் படித்தது இன்று பாதி காணாமல் போனால் கலங்க வேண்டாம். மறக்கத் தொடங்கும் நேரத்தில் இழுத்துப் பிடித்து நினைவுபடுத்தினால் அடுத்த முறை மறதி மெதுவாகும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, அதே மூன்று மணி நேரத்தை மூன்று நாட்களுக்குப் பிரித்தால் கூடுதலாக நிற்கிறது. அதற்காக உழைப்பு ஒரு நிமிடம்கூட அதிகமாவதில்லை.

எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும்? அட்டவணை போட்டுத் தாருங்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியையும் கூட்டலாம். தொடக்கத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: படித்த மறுநாள் ஒரு முறை, மூன்று நான்கு நாள் கழித்து ஒரு முறை, அடுத்து ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். ஒவ்வொரு முறையும் மூடிய புத்தகத்தோடு. பத்து நிமிடம் போதும்.

சொற்பொருள், ஆண்டுகள், சூத்திரங்கள் போன்ற துண்டுத் தகவல்களுக்கு 1970-களில் செபாஸ்டியன் லெய்ட்னர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை அருமையானது. சிறிய அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை இன்னும் நாள் கழித்துத்தான் திறப்பீர்கள். தவறினால் அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து மகிழும் பழக்கம் இதில் தானாகவே நின்றுவிடும்.

வண்ணப் பேனாவால் முக்கியமான வரிகளை அடிக்கோடிடுகிறேன். அது பயன்படாதா?

2013-இல் டன்லோஸ்கி என்பவரின் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டது. அடிக்கோடிடுவதும் மறுபடி வாசிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசையில் வந்தன. தன்னையே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டும்தான் உயர்ந்த பயனுள்ளவை என்ற மதிப்பீட்டைப் பெற்றன. அடிக்கோடிடுவது குற்றமில்லை. அதோடு படிப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் சிக்கல். அடிக்கோட்டுக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். அடுத்த முறை அந்தக் கேள்வியைப் பார்த்து விடை சொல்லலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தால் முதலிடம் வரலாம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்காத கேள்வியும் இதுதான். மணி நேரத்தை எண்ணத் தொடங்கியதும் பிள்ளைகள் மணி நேரத்தைக் காட்டக் கற்றுக்கொள்கிறார்கள். "இன்று ஆறு மணி நேரம் படி" என்பதற்குப் பதில், "இந்தப் பாடத்தின் ஐந்து கேள்விகளுக்குப் பார்க்காமல் விடை எழுது" என்று இலக்கு வையுங்கள். எழுதி முடித்தால் எழுந்து போகலாம். ஒரு மணி நேரத்தில் முடித்தால் அது அவர்கள் சம்பாதித்த நேரம். அதைப் பிடுங்கி இன்னொரு பாடத்தைத் தலையில் கட்டினால் நாளை முதல் மெதுவாகப் படிப்பார்கள்.

கணக்கு வகுப்பில் எல்லாம் புரிகிறது. தேர்வில் எந்தக் கணக்கு எந்த முறையில் வரும் என்றே தெரிவதில்லை.

ஆசிரியர் கரும்பலகையில் போடும்போது புரிவது முதல் பதிலில் சொன்ன பழகிய முகம்தான். தீர்த்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவது எளிது. அடுத்த வரியை மறைத்துக்கொண்டு "இனி என்ன செய்வார்?" என்று முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள், பிறகு மறைத்ததை விலக்குங்கள். புதிய பகுதியைத் தொடங்கும்போது இது நல்ல வழி.

இரண்டாவது காரணம் பயிற்சியின் அமைப்பில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுவதும் ஒரே வகைக் கணக்குகளாக இருக்கும். தலைப்பைப் பார்த்தாலே எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிடும். ஆகவே முறையைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியே கிடைப்பதில்லை. தேர்வில் தலைப்பு இருக்காது. நான்கைந்து பாடங்களிலிருந்து கணக்குகளைக் கலந்து எடுத்துப் போடுங்கள். கலந்து போடும்போது தவறுகள் கூடும், மனம் சோரும். ஆய்வுகளிலும் அப்படித்தான்: பயிற்சியின்போது பின்தங்குகிறவர்கள் பின்னால் வைக்கும் தேர்வில் முந்துகிறார்கள்.

கூடவே ஒரு தவறு நோட்டு வையுங்கள். தவறிய கணக்கு, தவறிய இடம், ஏன் தவறியது என்று ஒரே வரி. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதக் கூடாது. "கழித்தல் குறியை அடைப்புக்குள் கொண்டுபோகவில்லை" என்று எழுத வேண்டும். ஒரு மாதத்தில் அந்த நோட்டைப் புரட்டினால் உங்கள் தவறுகள் மூன்று நான்கு வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள்.

அதிகாலையில் எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறுமாமே?

தூங்கி எழுந்த மூளையில் ஏறும். கடிகாரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. பருவ வயதில் உடலின் கடிகாரமே சற்றுத் தள்ளிப்போகிறது. இரவில் தாமதமாகத் தூக்கம் வருவதும் காலையில் எழ முடியாமல் தவிப்பதும் சோம்பேறித்தனம் அல்ல. நள்ளிரவில் படுத்த பிள்ளையை விடியுமுன் எழுப்பி உட்காரவைத்தால், கொட்டாவிதான் மிஞ்சும்.

அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி 2016-இல் தந்த பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படிப்பவர் கூடுதலாக ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு, பார்த்த பாடங்கள் எல்லாவற்றையும் மங்கலாக்கிக்கொள்கிறார்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால்தான் எனக்கு ஓடும். கைப்பேசி பக்கத்தில்தான் இருக்கும், தொடமாட்டேன்.

படம் வரையும்போது, நோட்டுக்கு அட்டை போடும்போது பாட்டு இருக்கட்டும். வாசிக்கும்போது சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம். இரண்டு மொழிநடைகள் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். தொடாமல் இருப்பதற்கே மனம் ஓர் ஓரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். இந்த விதி வீட்டில் பெரியவர்களுக்கும் பொருந்தினால்தான் நிற்கும்.

என் மகள் பார்த்துக் கற்பவள் என்று ஒரு சோதனையில் வந்தது. அதற்கேற்ற மாதிரிதானே சொல்லித்தர வேண்டும்?

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிப்பது பிரபலமான நம்பிக்கை. 2008-இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இதற்கான ஆதாரங்களைத் தேடிப் பார்த்தார்கள். பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று காட்டும் போதிய சான்று கிடைக்கவில்லை. விருப்பம் என்பது இருக்கலாம். ஆனால் நிலப்படத்தை எல்லோரும் பார்த்துத்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லோரும் கேட்டுத்தான் கற்க வேண்டும். முறையைத் தீர்மானிப்பது பாடம். "நான் கேட்டுக் கற்பவன், எனக்கு வாசிப்பு வராது" என்று ஒரு பிள்ளை தனக்குத்தானே வேலி போட்டுக்கொள்வதுதான் இந்த முத்திரைகளால் வரும் உண்மையான கெடுதல்.

வீட்டுப்பாடத்தில் நான் உதவலாமா? எனக்கே கணக்கு என்றால் பயம்.

உதவலாம், விடை சொல்லாத வரையில். "கேள்வி என்ன கேட்கிறது?", "இதுவரை என்ன முயன்றாய்?", "இதேபோல் வேறு எங்கே பார்த்தாய்?" இந்த மூன்றும் கேட்கப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிக்காத பெற்றோரும் கேட்கலாம். இரண்டாம் பதிலில் சொன்ன விளக்கம் கேட்கும் ஆளாக அவர்களே மிகப் பொருத்தம்.

பயத்தைப் பற்றிக் கேட்டது நல்லது. அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கணக்குக் கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. பதற்றத்தோடு பக்கத்தில் உட்காருவதைவிட, புரியாததைக் குறித்து வைத்து நாளை ஆசிரியரிடம் கேட்கச் சொல்வது மேல். "எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று ஆறுதல் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அது குழந்தையின் காதில் அனுமதியாக விழுகிறது.

முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமா?

பிள்ளை சற்றும் விரும்பாத, சலிப்பான வேலையைத் தொடங்கவைக்கப் பரிசு உதவும். ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்குப் பேரம் பேசினால் விருப்பம் குறையக்கூடும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையரிடம் இதைச் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பிறகு தங்கள் விருப்பமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை. ஆகவே முடிந்த பிறகு கொண்டாடுங்கள். முன்னால் ஏலம் விடாதீர்கள். பரிசு தந்தே ஆக வேண்டுமென்றால் மதிப்பெண்ணுக்கு வேண்டாம். அது முழுக்கப் பிள்ளையின் கையில் இல்லை. தவறு நோட்டை ஒரு மாதம் விடாமல் எழுதியதற்குத் தரலாம்.

பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடாதா?

எதைப் பாராட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1998-இல் வெளியான முல்லர், டுவெக் ஆய்வில் "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள், அடுத்து வந்த கடினமான கேள்விகளில் தோற்றதும் சீக்கிரம் துவண்டார்கள். "நன்றாக முயன்றாய்" என்று கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். காரணம் எளிது: புத்திசாலி என்ற பட்டம் வாங்கியவருக்கு ஒவ்வொரு தோல்வியும் அந்தப் பட்டத்தைப் பறிக்க வருகிறது. அதற்காக எதற்கெடுத்தாலும் "முயன்றாய், முயன்றாய்" என்பதும் வெற்றுப்பேச்சுதான். "விடை வராதபோது படம் வரைந்து பார்த்தாயே, அது நல்ல யோசனை" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ரோஷம் வராதா?

வரும். அந்த ரோஷம் பாடத்தின் மேல் போகாது. உங்கள் மேலும் அந்தப் பிள்ளையின் மேலும்தான் போகும். ஒப்பிட வேண்டுமானால் மூன்று மாதம் முன்பு எழுதிய விடைத்தாளை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள்.

டியூஷன் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவானோ?

ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கத் தனிப்பயிற்சி உதவும். "எல்லாப் பாடத்துக்கும் எல்லா நாளும்" என்று சேர்க்கும்போது வேறொன்று நடக்கிறது. பள்ளியில் கேட்டதை மாலையில் இன்னொரு முறை கேட்கிறான். இரண்டு இடத்திலும் கேட்பவனாகவே இருக்கிறான். தானாக உட்கார்ந்து நினைவுபடுத்த நேரமே இல்லாமல் போகிறது. சேர்க்குமுன் ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: எந்தப் பாடத்தில், எந்தப் பகுதி, எத்தனை மாதத்தில்? விடை எழுத முடியாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கேட்டுப் படிப்பது தவறா?

எதற்குக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கணக்குப் பயிற்சியின்போது அரட்டைச் செயலியைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் பிரமாதமாகச் செய்தார்கள். செயலி இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாதவர்களைவிடக் குறைவாக எடுத்தார்கள். விடை தராமல் துப்பு மட்டும் தரும்படி மாற்றியமைத்த செயலியில் அந்தச் சேதம் பெரிதும் இல்லை.

ஆகவே "இந்தக் கணக்கைப் போட்டுத் தா" என்று கேட்காதீர்கள். "நான் போட்ட கணக்கில் எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல்", "இந்தப் பாடத்தில் என்னிடம் ஐந்து கேள்வி கேள், விடையைச் சொல்லாதே" என்று கேளுங்கள். அது நம்பிக்கையோடு தவறாகவும் பேசும் என்பதால் தகவலைப் பாடப்புத்தகத்தோடு சரிபாருங்கள்.

தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. பாதிப் பாடம் தொடவே இல்லை. இப்போது இடைவெளி, அட்டைப்பெட்டி எல்லாம் நடக்குமா?

சுருக்கி நடத்தலாம். முதல் நாளே ஒரு பழைய வினாத்தாளைப் புத்தகம் பார்க்காமல், நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் கேவலமாக வரும், வரட்டும். அதிலிருந்து மூன்று குவியல்: தெரிந்தவை, அரைகுறையாகத் தெரிந்தவை, அறவே தெரியாதவை. பதற்றத்தில் எல்லோரும் மூன்றாம் குவியலில் பாய்கிறார்கள். நீங்கள் இரண்டாவதில் தொடங்குங்கள். குறைந்த உழைப்பில் அதிக மதிப்பெண் கிடைக்கும் இடம் அதுதான். தெரியாதவற்றில் அடிக்கடி கேட்கப்படும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மனதாரக் கைவிடுங்கள். இடைவெளி ஒரு மாதம் என்பது இங்கே இரண்டு நாள், ஐந்து நாள் என்று குறுகும். தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். காரணம் மேலே இருக்கிறது.

வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதற்றம் நினைவின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைப் பற்றித் தாளில் எழுதிய மாணவர்கள் மேலாகத் தேர்வெழுதினார்கள் என்று 2011-இல் ராமிரெஸ், பைலாக் இருவரின் ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். முயன்று பார்ப்பதில் செலவில்லை. அதைவிட உறுதியான மருந்து பழக்கம்: வீட்டில் நேரம் வைத்து, எழாமல், முழு வினாத்தாளைப் பல முறை எழுதியிருந்தால் அன்றைய தினம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. அறையில் மனம் வெறுமையானால் தெரிந்த சிறிய வினா ஒன்றை முதலில் எழுதுங்கள். கை ஓடத் தொடங்கினால் மனம் பின்னால் வரும். பயம் தூக்கத்தையும் பசியையும் வாரக்கணக்கில் கெடுத்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். தாமதிக்க வேண்டாம்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்கிறார்களே?

மாற்றலாம். 2005-இல் குரூகர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய தடங்களை எண்ணினார்கள். தவறிலிருந்து சரிக்கு மாறியவையே அதிகம். சரியை மாற்றித் தவறாக்கிய ஒன்று மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருப்பதால் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. காரணத்தோடு மாற்றுங்கள், வெறும் படபடப்பில் மாற்றாதீர்கள்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறாள். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள். சோம்பலா?

வாயால் தெளிவாகச் சொல்கிற குழந்தை, வயதுக்கேற்ற பயிற்சி கிடைத்தும் வாசிக்கத் தடுமாறினால் டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். எண்களில் மட்டும் இதேபோல் திணறுவது டிஸ்கால்குலியா. இரண்டுக்கும் அறிவுக்கூர்மைக்கும் தொடர்பில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பலகை மங்கலாகத் தெரிவதாலேயே மக்கு என்று பெயர் வாங்கிய குழந்தைகள் உண்டு. அதில் குறையில்லை என்றால் கற்றல் குறைபாட்டு நிபுணரிடம் மதிப்பீடு செய்யுங்கள். எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்சி உண்டு. சிறு வயதில் தொடங்கினால் பலன் அதிகம். இந்தப் பக்கத்தில் சொன்ன மற்ற வழிகள் அதற்குப் பதிலாகா.

மதிப்பெண் குறைந்த அட்டையோடு வந்து நிற்கிறான். அன்று என்ன பேச வேண்டும்?

அன்று ஒன்றும் பேச வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள், சாப்பிடச் சொல்லுங்கள். அவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

இரண்டு நாள் கழித்து விடைத்தாளோடு உட்காருங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் அவனையே ஒரு காரணம் எழுதச் சொல்லுங்கள்: படிக்கவில்லை, படித்தும் நினைவு வரவில்லை, புரியவே இல்லை, கேள்வியைத் தவறாக வாசித்தேன், நேரம் போதவில்லை. ஐந்துக்கும் மருந்து வேறு. நினைவு வராதவற்றுக்கு இரண்டாம், நான்காம் பதில்கள்; புரியாதவற்றுக்கு ஆசிரியர்; நேரத்துக்குக் கடிகாரம் வைத்து எழுதும் பயிற்சி. படிக்காமல் விட்டவை அதிகம் என்றால், ஏன் விட்டான் என்பதைக் குரலை உயர்த்தாமல் கேளுங்கள். சில சமயம் அந்த விடையில் பாடமே இருக்காது. நண்பர்களோடு சண்டை, வகுப்பில் கேலி, வீட்டில் நீங்கள் இருவரும் போடும் சத்தம் என்று வேறு ஏதாவது வரும்.

அதன் பிறகு அடுத்த தேர்வுக்கு ஒரே ஒரு வகைத் தவறை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதை என்று அவனே முடிவு செய்யட்டும்.